உங்கள் தட்டு எங்கே?

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை காலை. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் என் நாத்தனார் பெண்ணின் கணவர்.

"மாமி, பதற்றப்படாதீர்கள். அவள் ஆபீசுக்குப் போகிற வழியில் ரயிலடியில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள். இப்போது தேவலை. டாக்டரிடம் காட்டி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்."

'பதற்றப்படாதீர்கள்' என்று ஒருவர் ஆரம்பித்தால், பதற்றப்படாமல் இருக்க யாரால் முடியும்? கத்தரிக்காயை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு, "ராத்திரிக்கு மோர் சாதம் போதும்" என்று இவரிடம் சொல்லிவிட்டு, பையில் இரண்டு புடவையை அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெண் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8 கிராம் என்று போட்டிருந்தது. நம்மைப் போன்ற பெண்களுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாராம். அதற்கு இவள் பதில் சொல்லாமல் விழித்தாளாம். நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஏண்டி, காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"காப்பி."

"அப்புறம்?"

"இன்னொரு காப்பி, மாமி."

அங்கே பத்து நாள் தங்கினேன். மூன்றாவது நாளே அவள் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டாள், தடுத்தால் கேட்டால்தானே! நான் ஒரு ஓரமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுந்தாள். பால், காப்பி, மத்தியான டப்பாக்கள் மூன்று, கணவருக்கு ரவா உப்புமா, குழந்தைகளுக்கு ரொட்டியும் ஜாமும், மாமியாருக்கு மாத்திரை வேளைக்கு இரண்டு இட்லி. ஏழரை மணிக்கு மேஜைமேல் தட்டுகளை வைத்தாள். எண்ணிப் பார்த்தேன். நான்கு தட்டு. அந்த வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர்.

அந்த வீட்டில் யாரும் பொல்லாதவர்கள் அல்லர். "நீயும் உட்காரேன், அம்மா" என்று மாமியார் சொல்லத்தான் செய்தார். "இதோ வந்துவிட்டேன்" என்று இவளும் சொல்லத்தான் செய்தாள். ஆனால் எட்டேகால் வண்டி யாருக்காகக் காத்திருக்கும்?

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர், 'நம் வீட்டுக் கதை இவளுக்கு எப்படித் தெரிந்தது?' என்று நினைப்பீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தால், அவர்களில் ஒருத்திக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வெள்ளை மோகம்

அந்த மேஜையில் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரொட்டி வெள்ளை, ரவை வெள்ளை, இட்லி வெள்ளை. சாயங்காலம் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற பிஸ்கோத்தும் மைதாதான். அவசரத்தில் கைக்கு அகப்படுவதெல்லாம் தோலும் தவிடும் போன தானியமாகவே இருக்கிறது.

தானியத்தின் மேலே உமி. அது நமக்கு ஆகாது. அதற்கு உள்ளே தவிடு, ஓரத்தில் முளை, நடுவிலே மாவு. நார், இரும்பு, பி வகை வைட்டமின்கள் எல்லாம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் குடியிருக்கின்றன. தீட்டத் தீட்ட அவை மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன; வெறும் மாவு நம் தட்டுக்கு வருகிறது.

இதை உலகத்துக்கு உணர்த்தியவை சில கோழிகள். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், பெரி-பெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. தவிடு போகாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. இந்த வழியில் போய்த்தான் வைட்டமின் என்ற விஷயமே பிடிபட்டது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் பக்கத்திலும், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்திஜி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்திலிருந்துகொண்டு, மில் அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசியே உண்ணுங்கள் என்று பாடுபட்டார். நாம் கேட்கவில்லை. 'மல்லிகைப்பூப் போல' என்று சாதத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்துவிட்டோம்.

கணக்கையும் பாருங்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்தை எட்டினாலே அதிகம். நூறு கிராம் கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

"அதெல்லாம் சரி, மாமி. எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்றாள் பெண்.

நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். கம்பும் கேழ்வரகும் யாருடைய ஆகாரம்? விடியுமுன் வயலுக்குப் போன பெண்களுடையது. அவர்களுக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா? முதல் நாளே செய்து வைத்து, காலையில் கரைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். அவசரக்காரிக்கென்றே ஏற்பட்ட சமையல் அது. அதைத்தான் நாங்கள் இருவரும் அந்தப் பத்து நாளில் மறுபடியும் படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

சனிக்கிழமை இரவு படுக்கப் போகுமுன், 2 டம்ளர் கம்பை நன்றாகக் களைந்து கல் நீக்கி ஊறப் போட்டோம். இன்னொரு பாத்திரத்தில் 1 டம்ளர் புழுங்கலரிசி. ஞாயிறு காலை, முக்கால் டம்ளர் உளுந்தும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஊற வைத்தோம். கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டால் இன்னும் விசேஷம். மூன்று மணி நேரம் கழித்து உளுந்தைப் பொங்கப் பொங்கத் தனியாகவும், கம்பையும் அரிசியையும் சற்றே கொரகொரப்பாகவும் அரைத்து, உப்புப் போட்டுக் கலந்தோம். இரவுக்குள் பொங்கிவிட்டது. கோடைக்காலமானால் ஆறேழு மணி நேரமே போதும்; உடனே குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். முதல் நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை. எப்போதும் அரைக்கிற மாவைவிட இதற்கு ஐந்து நிமிஷம்கூட அதிகம் பிடிக்கவில்லை.

அன்றே இன்னொரு காரியம். ஒரு கிலோ கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊற வைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டோம். ஒன்றரை நாளில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நிழலில் உலர்த்தி, வாசனை வருமளவு லேசாக வறுத்து, மிஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டோம். கேழ்வரகு மிகச் சிறிய மணி. அரிசியைப் போல அதைத் தீட்டித் தோலை எடுத்துவிட முடியாது. ஆகையால் சல்லடையில் போட்டு நாமாகச் சலித்துக் கொட்டினாலொழிய சத்து முழுவதும் மாவிலேயே இருக்கும்.

ஊறப் போடுவதும், முளை கட்டுவதும், புளிக்க வைப்பதும் பாட்டிமார்களின் வெறும் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தானியத்தின் தோலில் பைட்டேட் என்ற ஒரு பொருள் உண்டு. அது இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஊறினால், முளைத்தால், புளித்தால் அதன் பிடி தளரும்.

அடுப்பே மூட்டாத காலை

வியாழன் இரவு கம்பங்கூழுக்கு ஏற்பாடு செய்தோம். ஒரு டம்ளர் கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறிச் சிறிது நேரம் வைத்து, மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றி ரவை போல உடைத்துக்கொள்ளுங்கள். 4 டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது உப்புடன் அதைப் போட்டு, சின்னத் தீயில் கட்டி தட்டாமல் கிளறி வேக விடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஆறியதும் கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடித்து, முழுகும்படி தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள். காலையில் ஓர் உருண்டையை எடுத்து மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் தீர்ந்தது வேலை. தொட்டுக்கொள்ள ஒரு மோர்மிளகாய். ஐந்து பேருக்கும் காலை ஆகாரம் ஐந்தே நிமிஷத்தில் ஆயிற்று. அன்று வீட்டில் கேட்ட ஒரே சத்தம் மாப்பிள்ளை மோர்மிளகாயைக் கடித்ததுதான்!

சாமை உப்புமா இன்னும் சுலபம். ஒரு டம்ளர் சாமையைக் கழுவி அரை மணி ஊற விடுங்கள். தாளித்து, வெங்காயம், காரட், பீன்ஸ் போட்டு வதக்கி, 2 டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் சாமையைப் போட்டு மூடி விட்டால், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் பொலபொலவென்று வெந்துவிடும். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிய மறக்காதீர்கள். ருசிக்கு மட்டுமல்ல, புளிப்பிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பில் சேர்த்துவிடும். காப்பியும் டீயும் நேர் எதிரிகள். அதைச் சேரவிடாமல் தடுப்பவை. அதனால் காப்பியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். என் நாத்தனார் பெண்ணுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாயிருந்தது இந்த ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்

சாயங்காலத்துக்கு வடமாவட்டங்களில் செய்யும் சிமிலி உருண்டை இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. 2 டம்ளர் கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசைந்து, கனமில்லாத அடைகளாகத் தட்டி, இரு பக்கமும் வேக விட்டு எடுங்கள். ஆறியதும் பிய்த்துப் போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரை டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், ஓர் ஏலக்காய் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சூட்டிலேயே இளகி, உருண்டை பிடிக்க வரும். நெய்கூட வேண்டாம். வறுத்த எள்ளும் இரண்டு ஸ்பூன் போட்டால் மணக்கும். இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நாள் வரைக்கும் மிஞ்சாது!

இனிப்பு வேண்டாத நாளில், அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டிய அடை. அதுவும் சலித்தால் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல்.

கம்பு இட்லி மேஜைக்கு வந்த முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சின்னவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாட்டி, இது ஏன் யானை கலரில் இருக்கிறது?" என்றான். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "யானை இட்லி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, வெங்காயச் சட்னியைப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு ஒன்று தின்றான். மூன்றாம் நாள், "யானை இட்லி இல்லையா?" என்று கேட்டான். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிக் குழந்தைகளோடு யுத்தம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாக ஆரம்பித்து நாலு நாளாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூரி கேட்டால் பூரியே செய்து கொடுங்கள். குடி முழுகிப் போகாது.

கடையில் கவனம்

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. அதற்குப் பிறகு சிறுதானியத்துக்குப் புது மரியாதை. பளபளக்கும் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் தானியக் கதிர் படம் போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதாவாகவும், கேழ்வரகு கடைசிக்குப் பக்கத்திலும் இருந்தால், அது கேழ்வரகு பிஸ்கோத்து அல்ல. கேழ்வரகின் பெயர் வைத்துக்கொண்ட மைதா. ரொட்டி பழுப்பாக இருந்தாலும் அப்படித்தான். அந்த நிறம் தவிட்டினுடையதா, சேர்த்த சாயத்தினுடையதா என்று பெட்டியைக் கேளுங்கள்.

சாமை, வரகு, குதிரைவாலி வாங்கும்போது பளீரென்று வெளுத்திருப்பதைத் தவிர்த்து, கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். உமி போக வேண்டியதுதான். தவிடு போகக் கூடாது. கம்பு மாவை மட்டும் மாதக்கணக்குக்கு அரைத்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம். சில நாளில் கசந்து வாடை அடித்துவிடும். முழுக் கம்பாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்தந்த வாரத்துக்கு அரைத்துக்கொள்வதே நல்லது.

ஓர் எச்சரிக்கை

சம்பந்தியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. கேழ்வரகு நல்லது என்று கேட்டதும் மிகுந்த சந்தோஷத்தோடு, காலையில் ஒரு பெரிய சொம்பு நிறையக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எகிறியிருந்தது! முழுத் தானியமானாலும் அதுவும் மாவுதான். மைய அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். அவருக்குக் கஞ்சியை நிறுத்தி, கீரை அடையாக ஒன்றும், கூடவே சுண்டல் ஒரு கிண்ணமும் கொடுத்தோம். அளவு எல்லாருக்கும் உண்டு. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கம்பை நாள்தோறும் சேர்ப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ரத்தசோகை வந்துவிட்ட பிறகு, கம்பு இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை செய்கிற வேலையை ஆகாரம் அத்தனை விரைவில் செய்யாது. குழியிலிருந்து தூக்கிவிடுவது மருந்து; மறுபடி விழாமல் பார்த்துக்கொள்வது ஆகாரம்.

ஐந்தாவது தட்டு

பத்தாம் நாள் ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கம்பு மாவு குளிர்பெட்டியில் இருந்தது. கேழ்வரகு மாவு டப்பாவில் இருந்தது. குழந்தைகள் உருண்டையைத் தின்றார்கள். மாப்பிள்ளை கூழைப் புகழ்ந்தார். எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டே மேஜையைப் பார்த்தேன். நான்கு தட்டு!

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, இத்தனையும் யாருக்காகச் செய்தோம்?" என்றேன்.

"அவர்கள் கிளம்பட்டும், மாமி..."

நான் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஐந்தாவது தட்டை நானே எடுத்து மேஜையில் வைத்தேன். அதில் இரண்டு யானை இட்லி வைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். "இனிமேல் சட்னி பரிமாறுவது உங்கள் பொறுப்பு" என்றேன். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு எழுந்து, முதலில் மனைவியின் தட்டில் பரிமாறினார். அம்மா உட்கார்ந்து சாப்பிடுவதைக் குழந்தைகள் இருவரும் ஏதோ சர்க்கஸ் பார்ப்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையை ஏதோ அடைத்தது.

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தாள். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டதாம். பெருமையில் பெரும்பங்கு டாக்டரின் மாத்திரைக்குத்தான். "ஆனால் மாமி, இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே ஐந்து தட்டையும் எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் அதை மறுபடி அலமாரியில் வைக்க மனம் வருவதில்லை" என்றாள்.

இந்த வாரம் நான் சொன்ன பலகாரங்களில் எதைச் செய்தாலும் செய்யுங்கள், செய்யாவிட்டாலும் போகட்டும். இன்று இரவு படுக்கப் போகுமுன், உங்கள் தட்டை மட்டும் மேஜையில் எடுத்து வைத்துவிடுங்கள்.